பட்டாளத்துக் குட்டி பைனாகுலரில் பறவை பார்க்கலாமா? எண்ணூர் கரையில் சோதிக்கும் முறை

எண்ணூர் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரம் சேற்றில் இறங்கும் உள்ளான்களைப் பார்க்க, கையடக்கமான பட்டாளத்து பைனாகுலர் வாங்கலாமா? வாங்கலாம், கீழே உள்ள சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு.

1. எண்ணைப் பாருங்கள். 8×30 என்றால் 8 மடங்கு பெரிதாகத் தெரியும், முன்கண்ணாடி 30 மி.மீ. அகலம். 30ஐ 8ஆல் வகுத்தால் 3.75 மி.மீ. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். அமெரிக்க ராணுவத்தின் எம்24, 7×28; அதில் 4 மி.மீ. வெயிலில் கண்பாவை சுருங்கியே இருக்கும், ஆகவே இது தாராளம். விடிவதற்கு முன்பே கிளம்புகிறவருக்கு 8×42தான் சரி.

2. போகஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டைனர், ஹென்சோல்ட் போன்ற 8×30 ராணுவ மாடல்களில் நடுச்சக்கரம் கிடையாது; கண் வைக்கும் இரண்டு முனைகளையும் தனித்தனியே திருக வேண்டும். முன்கண்ணாடி ஒன்றை உள்ளங்கையால் மூடி, தூரத்து மின்கோபுரத்தைப் பார்த்து மற்றக் கண்ணுக்கு உரியதைத் திருகுங்கள், பிறகு மறுபக்கம். ஒருமுறை வைத்துவிட்டால் ஏறக்குறைய இருபது மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. சிப்பாய்க்கு வேண்டியது அதுதான், கழிமுகத்தில் கூழைக்கடா பார்க்கிற நமக்கும் அதுவே வரம். ஆனால் திருவொற்றியூர் வீட்டுக் கொல்லையில், மூன்று மீட்டர் தள்ளி முருங்கையில் தையல்சிட்டு வந்தால் வெறும் மங்கல். இரண்டு பக்கமும் திருகி முடிப்பதற்குள் அது பறந்துவிடும். வீட்டுப் பறவைகள்தான் உங்களுக்கு உயிர் என்றால் ராணுவ மாடல் வேண்டவே வேண்டாம்.

3. இரண்டு குழாயும் ஒரே நேரில் பார்க்கின்றனவா? நான் முதலில் வாங்கிய பழையதில் இதைப் பார்க்கவில்லை; அரை மணியில் தலைவலி வந்தது. தூரத்து மின்கம்பி ஒன்றைப் பார்த்தபடியே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து சில செ.மீ. விலக்குங்கள். இரு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மேலும் கீழுமாக விலகினால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

4. முன்பக்கம் வழியாக போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி இழைபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை. நம் கடற்காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் பிடிக்கும். தோல்பையில் பூட்டி வைக்காதீர்கள்; மூடிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

5. நிறம். லேசர் ஒளியைத் தடுக்கும் பூச்சு உள்ள சில ராணுவக் கண்ணாடிகள் காட்சிக்கு வேறு சாயம் ஏற்றும்; ரஷ்ய பிபிஓ 7×30 மஞ்சளாகக் காட்டும். பவளக்காலியையும் பச்சைக்காலியையும் பிரித்துச் சொல்லக் கால்நிறம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகில் கறை ஒட்டியிருந்தது. அருகே போய் அவற்றை விரட்டாமல், தூரத்திலிருந்தே கறையை அடையாளம் காண நிறம் மாறாத கண்ணாடி தேவை. வெள்ளைக் கொக்கு வெள்ளையாகவே தெரிகிறதா என்று பாருங்கள்.

6. உள்ளே கோடுகள் இருந்தால் அது தூரம் அளக்க. அந்தக் கோடுகளின் அளவு மில், கோணத்தை அளக்கும் ராணுவ அலகு. 8 மீட்டர் பைபர் படகு 20 மில் நீளம் தெரிந்தால், 8ஐ 20ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள்: 400 மீட்டர்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதோடே பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்று மேற்கே பாருங்கள். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. துறைமுக வேலி, அனல்மின் நிலையம் பக்கமும்தான்.