வாகனத்தின் வெற்று உலோகப் பாகங்களுக்குச் சொரசொரப்பு ஸ்பிரே பெயின்ட்: கொழும்பின் ஈரக்காற்றில் அடிக்கும் முறை

பம்பரைத் தாங்கும் பிராக்கெட், பேட்டரித் தட்டு, ஏறும் படி, எஞ்சினின் வால்வ் மூடி போன்ற பாகங்களுக்குச் சொரசொரப்பான கறுப்புப் பெயின்ட்டைப் பலர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், சிறு கீறல்களும் அரத்தாளின் தடங்களும் அதில் மறைந்துவிடும் என்பதே. அது உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் பசை, உப்பு, ஈரம் ஆகிய மூன்றில் ஒன்று அடியில் தங்கிவிட்டாலும் பெயின்ட் கொப்புளித்து உரிந்துவிடும். அதனால் வேலையின் பெரும்பகுதி, டின்னைக் கையில் எடுப்பதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த பாகமானாலும், வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடற்காற்றில் நிறுத்தப்படும் வாகனத்திலிருந்து கழற்றிய பாகமானாலும், முதலில் அதைச் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பலர் இந்தப் படியைத் தவிர்த்து நேரே தின்னருக்குப் போகிறார்கள். தின்னர் கிறீஸைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு தண்ணீரில்தான் போகும். கழுவி உலர்த்திய பின்னர் தின்னராலோ எண்ணெய் நீக்கும் திரவத்தாலோ துடையுங்கள். அந்தத் திரவத்தில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, அது ஆவியாகும் முன்னரே வேறொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த பசை அதே இடத்திலேயே மீண்டும் படியும். இதை முடித்த பிறகே அரத்தாளைத் தொட வேண்டும், ஏனெனில் பசை இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களுக்குள் அழுந்திவிடும்.

கறளை முதலில் கம்பித் தூரிகையாலும் 80 இலக்க அரத்தாளாலும் அகற்றி, 180 இல் தொடர்ந்து, 240 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் மினுக்குவது வீண். மினுங்கும் இரும்பில் பிரைமருக்கு, அதாவது அடிப்பூச்சுக்கு, பிடிமானம் குறையும். பளபளக்கும் இரும்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், ஊசிமுனை அளவில் கருமையான புள்ளிகள் தெரியக்கூடும். அவை அழுக்கல்ல, குழிகளின் அடியில் எஞ்சியிருக்கும் கறள். அரத்தாள் அங்கே எட்டாது. கூரிய கம்பித் தூரிகையால் குத்தித் தேய்த்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் நீக்கியை அந்த இடங்களில் மட்டும் தடவி, டின்னில் குறித்த நேரத்துக்குப் பின் எச்சத்தை முற்றாக அகற்ற வேண்டும்.

அலுமினியப் பாகத்தை, இரும்பைத் தேய்த்த அதே தூரிகையால் தேய்க்கக் கூடாது. பதிந்துவிடும் இரும்புத் துகள்கள் பின்னர் அரிப்பைத் தொடங்கும். அலுமினியத்துக்கு, உலோகத்தை மெல்ல அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் ஏற்றது. துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சைத் தேய்த்தழிக்காமல், மேலோட்டமாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

இனி ஈரம். இங்கே சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இந்த விடயத்தில் நமக்கு உதவுவதில்லை. காற்று 30 பாகை செல்சியஸிலும் ஈரப்பதன் 80 வீதத்திலும் இருந்தால், பனிபடு நிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகையாகும். உலோகத்தின் வெப்பநிலை பனிபடு நிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலின் பொதுவிதி. குளிரூட்டிய அறையில் வைத்திருந்த பிராக்கெட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தவுடன் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத வியர்வையின் மீதே அடிக்கிறீர்கள். ஈரப்பதன் 90 வீதத்துக்கு ஏறும் மாலையில், காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடு நிலைக்கும் உள்ள இடைவெளி 2 பாகைக்கும் கீழே போய்விடும். அன்று வேலையை ஒத்திவைப்பதே புத்தி. காலையில் மழையில்லாத நாளில், பனி நீங்கிய பிறகு தொடங்கி, பிற்பகல் இடிமழைக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். பாகத்தை முன்கூட்டியே வெளியில் வைத்து அல்லது ஹேர் டிரையரால் சூடாக்கி, கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது தொடங்குவது நல்லது. கடைசியாகத் துடைத்ததற்கும் முதல் பிரைமர் படைக்கும் இடையில் சில நிமிடங்களே செல்லலாம். இந்த நகரத்தில் வெற்று இரும்பை ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் படலம் தெரியும்.

திருகாணிப் புரிகள், காஸ்கெட் அமரும் முகங்கள், பேட்டரியின் எர்த் வயர் பூட்டும் இடம் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, பிரைமரை இரண்டு மெல்லிய படைகளாக அடியுங்கள். கறளைத் தடுப்பது பிரைமரே. மேலே வரும் சொரசொரப்புப் படை அழகுக்கும் கல்லடி தாங்குவதற்கும்தான். சாதாரணத் தூசி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொரசொரப்புப் பெயின்ட்டில் இரண்டு வகை உண்டு. மணல்மணி போல் படியும் வகையை 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து ஒரே வேகத்தில் அடிக்க வேண்டும். தூரம் மாறினால் மணியின் அளவும் மாறும். டின்னினுள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பின் மேலும் ஒரு நிமிடமாவது குலுக்கி, முதலில் பழைய தகரத் துண்டொன்றில் அடித்துப் பாருங்கள். சுருக்க வகை வேறு கதை: மேற்பகுதி முதலில் தோலாகி, அடியில் இன்னும் ஈரமாக இருப்பதால்தான் அது சுருங்குகிறது. எனவே மெல்லிய படை இங்கே எதிரி. கிடையாக ஒரு கனமான படை, ஏறத்தாழ 5 நிமிடங்களின் பின் செங்குத்தாக ஒன்று, மீண்டும் 5 நிமிடங்களின் பின் குறுக்குச் சாய்வாக ஒன்று என அடித்து, பிறகு சீராகச் சூடேற்றினால் சுருக்கம் வேகமாகவும் நுண்மையாகவும் வரும். சமையலறை ஓவனை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பாகத்தைக் கிடையாக வைத்தே அடியுங்கள், நிமிர்த்தி வைத்தால் கனமான படை வழிந்துவிடும்.

தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுமையாக இறுகிய நிலை வேறு. ஈரக்காற்றில் இரண்டாவதற்கு டின்னில் உள்ள நேரத்தைவிடக் கூடுதலாகவே ஒதுக்குங்கள். பூட்டும்போது போல்ட்டின் கீழே வொஷர் வைக்கவும். எர்த் பூட்டும் இடத்தில் டேப்பை உரித்து, வெற்று உலோகம் தெரிகிறதா என்று பார்த்துப் பூட்டியபின், இணைப்பின் மேல் சிறிது கிறீஸ் தடவிவிடவும்.