மேடையோரத்து மேசை: சின்ன இசைக்கூடத்தில் சாப்பிடுவதும் குடிப்பதும் எப்படி?

50 முதல் 100 பேர் வரை உட்காரும் இசைக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தை மேடைதான் முடிவு செய்கிறது. கத்தியால் வெட்டிச் சாப்பிடுவது, சூடான தட்டுகள் வந்து போவது, வெயிட்டரிடம் விசாரிப்பது எல்லாம் முதல் பாட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பாட்டு தொடங்கிய பிறகு மேசையில் ஒரு கிளாஸும், சத்தமில்லாமல் எடுத்துச் சாப்பிட ஏதாவது ஒன்றும் இருந்தால் போதும்.

டிக்கெட் எடுக்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். கட்டும் பணம் குறிப்பிட்ட மேசைக்கா, வெறும் நுழைவுக்கா? குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்கியாக வேண்டும் என்று மினிமம் உண்டா? கிச்சன் எத்தனை மணிக்கு மூடும்? இதில் மினிமம்தான் பலருக்கும் பில் வரும்போது அதிர்ச்சி தருவது. பெரும்பாலும் அது மேசைக்கு இல்லை, தலைக்கு; சில இடங்களில் ஒவ்வொரு செட்டுக்கும் (இடைவேளை விடாமல் வாசிக்கும் ஒரு பகுதி) தனியாக. இரண்டு பேர் ஒரே தட்டைப் பகிர்ந்துகொண்டால் இன்னொருவர் கணக்கு காலியாக நிற்கும். வரியும் சர்வீஸ் சார்ஜும் பொதுவாக அதில் சேராது. மது குடிக்காதவர்கள் ஜூஸ், காபி, இனிப்பு என்று வாங்கி நிரப்பலாம். பாக்கி இருந்தால் கடைசியில் ஒரு இனிப்பு சொல்லிவிடுங்கள். வாங்காவிட்டாலும் அந்தப் பணம் பில்லில் ஏறிவிடக்கூடும்.

ஒரே இரவில் இரண்டு காட்சிகள் இருந்தால், சாப்பிடப் போகிறவர்களுக்கு முதல் காட்சி. இரண்டாவது காட்சிக்குள் கிச்சன் பாதி மூடியிருக்கும். ஆனால் முதல் காட்சி முடிந்ததும் மேசையைக் காலி செய்தாக வேண்டும். நிதானமாகக் குடித்துக்கொண்டு உட்கார இரண்டாவதுதான் தோது.

8 மணி நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். 6:45க்கு உட்கார்ந்துவிடுங்கள். மெனுவை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால் 6:55க்குள் ஆர்டர் கொடுத்துவிடலாம், அதுவும் மொத்தத்தையும் ஒரே தடவையில். 7:20 வாக்கில் சாப்பாடு வரும், 7:50க்கு மேசை துடைத்தாயிற்று. இதையே 7:30க்கு வந்து செய்தால் கதை வேறு. அந்த நேரத்தில் எல்லா மேசையும் ஒன்றாக ஆர்டர் கொடுக்கும், கிச்சனோ சின்னது. 25 நிமிடத்தில் வரவேண்டிய தட்டு 40 நிமிடம் கழித்து, விளக்கெல்லாம் அணைந்த பிறகு, முதல் பாட்டின் நடுவில் வந்து இறங்கும். ஒவ்வாமை இருந்தால் அதையும் வெளிச்சத்திலேயே சொல்லிவிடுங்கள். இருட்டில் தட்டைப் பார்க்கவும் முடியாது, வெயிட்டர் காதருகே சொல்வது கேட்கவும் கேட்காது.

எதை வாங்குவது என்பதை மேசையின் அளவே சொல்லிவிடும். இந்த வட்ட மேசைகள் பல 60 செ.மீ. அகலம்தான். 27 செ.மீ. தட்டு இரண்டை வைத்தால் கிளாஸுக்கு இடம் எங்கே? ஆளுக்கொரு பெரிய தட்டைவிட, ஒன்றன்பின் ஒன்றாக வரும் சின்னத் தட்டுகள் நல்லது. எலும்பும் முள்ளும் உள்ளவை, ஓடு உடைக்க வேண்டியவை, சாஸ் ஒழுகுபவை இருட்டுக்கு ஆகாது. நொறுக்குத் தீனி முதல் செட்டுக்கு முன்பு தீர்ந்துவிடட்டும். மெல்லிய பாட்டு நடக்கும்போது நாம் கடிப்பது நான்கு மேசை தள்ளியும் கேட்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பாரிலிருந்தும் கிச்சன் கதவிலிருந்தும் தள்ளிக் கேளுங்கள். ஷேக்கர், ஐஸ், காபி மெஷினின் நீராவி எல்லாம் அங்கேதான். பியானோ வாசிப்பவரின் விரல்கள் தெரிய வேண்டுமென்றால் மேடையைப் பார்த்து உட்காரும்போது இடப்பக்கம். பெரும்பாலும் பியானோவை அப்படித்தான் போடுவார்கள். டிரம்ஸுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தால் பாடகரின் குரல் அமுங்கிவிடும், ஏனென்றால் சின்ன அறையில் டிரம்ஸ் ஸ்பீக்கர் இல்லாமலே காதுக்கு வந்து சேரும். பொதுவான பாதுகாப்புக் கணக்குப்படி 94 டெசிபல் ஒலியை ஒரு மணி நேரமும், 100 டெசிபலை 15 நிமிடமும்தான் காது தாங்கும். முன்வரிசைக்காரர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை, இசைக்கலைஞர்களே வைத்துக்கொள்கிறார்கள்.

சத்தம் கூடினால் குடிக்கும் வேகமும் கூடும். 2008இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பாரில் இசை 72 டெசிபலாக இருந்தபோது ஒரு கிளாஸ் பியர் தீரச் சராசரியாக 14.5 நிமிடம் ஆனது. 88 டெசிபலில் 11.5 நிமிடம். ஆகவே எண்ணிக்கையை முன்பே முடிவு செய்வது நல்லது. 5 சதவீத பியர் 330 மி.லி., 12 சதவீத வைன் 150 மி.லி., 40 சதவீத விஸ்கி 45 மி.லி. எதை எடுத்தாலும் ஆல்கஹால் 13, 14 கிராம்தான். அதை உடம்பு கரைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 75 நிமிட செட்டுக்கு ஒன்று, இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று, கூடவே ஒரு ஜாடி தண்ணீர். வண்டி ஓட்டுகிறவர் என்றால் ஒன்றும் வேண்டாம்.

அரை மணி நேரம் கிளாஸில் கிடந்தாலும் கெடாத பானமாகப் பாருங்கள். வைன் தாங்கும், பெரிய ஐஸ் கட்டி ஒன்று போட்ட விஸ்கி தாங்கும். நுரை நிற்கும் காக்டெய்ல் பத்து நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடும்; பெரிய கிளாஸ் பியர் சூடாகும், அதோடு பாட்டின் நடுவே பாத்ரூமுக்கும் எழுப்பிவிடும். காம்பு நீண்ட கிளாஸ் இருட்டில் கைபட்டால் கவிழ்ந்துவிடும், அடி கனமான குட்டைக் கிளாஸாகக் கேளுங்கள். மேடை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் கிளாஸை அதன் விளிம்பில் வைக்காதீர்கள். அங்கே தரையில் கிடார்காரரின் பெடலும் வயரும் கிடக்கும். பியானோ மேல் வைப்பது அதைவிட மோசம்.

பாட்டு நடக்கும்போது வெயிட்டரைக் கூப்பிட வேண்டுமென்றால் காலி கிளாஸை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, அவர் பார்க்கும்போது தலையசைத்தால் போதும். கைதட்டல் ஓயும் முன் வந்துவிடுவார். மெனு படிக்க போன் டார்ச்சை அடிக்காதீர்கள், அந்த வெளிச்சம் வாசிப்பவர் கண்ணில்தான் போய் விழும். பேஸ் (ஆழ்ந்த கீழ்ச்சுரம் தரும் தந்தி வாத்தியம்) தனியாக வாசிக்கும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. மற்ற வாத்தியங்கள் அடங்கியதும் ஏதோ இடைவேளை என்று நினைத்துப் பாதிப் பேர் பேச ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் அன்றைய இரவில் ஸ்பூன் சத்தம்கூட உறுத்தும் நேரம் அதுதான்.

கடைசி ஆர்டர் பல இடங்களில் நிகழ்ச்சி முடிய 20, 30 நிமிடம் இருக்கும்போதே முடிந்துவிடும், பில்லும் அப்போதே வரும். கார்டைக் கொடுத்துக் கணக்கைத் திறந்து வைத்திருந்தால் இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள். கடைசியில் வரிசை நீளம். நுழைவுக் கட்டணம் டிக்கெட்டிலேயே கட்டியது மறுபடி ஏறியிருக்கிறதா, சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டிப்ஸ் போடுங்கள்.