கோடோவில் தமிழ் எழுத்து: "ஒகேனக்கல்" உடையாமல் வர

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டி மீன் பிடிக்கும் ஒரு சின்ன கேம். திரையின் மேல் மூலையில் "ஒகேனக்கல் மீன்: 0" என்று தெரிய வேண்டும். இதற்கு கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவின் 4-ஆம் பதிப்பு கட்டாயம் தேவை. கோடோ 3 எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது. அதில் "கே" என்று அடித்தால் இரட்டைக் கொம்பு "க"வுக்குப் பின்னால் போய் நிற்கும்.

முதலில் சீனில் கேன்வாஸ்லேயர் (கேமராவோடு நகராத அடுக்கு) நோடைச் சேர்த்து, அதற்குள் லேபிள் (எழுத்தைக் காட்டும்) நோடை வையுங்கள். கேன்வாஸ்லேயர் இல்லாமல் லேபிளை நேரடியாகச் சீனில் வைத்தால், கேமரா நகரும்போது எழுத்தும் திரையை விட்டுப் போய்விடும்.

அடுத்தது ஃபான்ட். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கோடோவோடு வரும் ஃபான்டில் தமிழ் இல்லை. ஆனாலும் உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் சரியாகத் தெரியலாம்; விண்டோஸில் இருக்கும் ஃபான்டை கோடோ கடன் வாங்கிக்கொள்கிறது. அதே கேமை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்தால் வெறும் கட்டங்கள்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபைலை புராஜெக்ட் ஃபோல்டரில் போட்டு, லேபிளின் இன்ஸ்பெக்டர் பலகத்தில் தீம் ஓவர்ரைட்ஸ், ஃபான்ட்ஸ் பகுதிக்கு இழுத்து விடுங்கள். அளவு 16 ஆக இருக்கும்; கொம்பும் சுழியும் தெளிவாகத் தெரிய 28 வையுங்கள்.

இனி லேபிளில் ஸ்கிரிப்ட். கட்டளைகளின் உச்சரிப்பை இங்கே தமிழில் தந்திருக்கிறோம். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மேற்கோளுக்குள் இருப்பது மட்டும் தமிழ்.

எக்ஸ்டெண்ட்ஸ் லேபிள்
வார் கவுண்ட் = 0
ஃபங்க் _ரெடி():
    காட்டு()
ஃபங்க் மீன்_சேர்():
    கவுண்ட் += 1
    காட்டு()
ஃபங்க் காட்டு():
    டெக்ஸ்ட் = "ஒகேனக்கல் மீன்: " + எஸ்டிஆர்(கவுண்ட்)

எஸ்டிஆர் எண்ணை எழுத்தாக மாற்றும்; அது இல்லாமல் எண்ணை எழுத்தோடு கூட்டினால் எரர் வரும். ரெடி ஒரே முறைதான் ஓடும். அதனால்தான் காட்டு() தனியாக இருக்கிறது. மீன் சிக்கியும் எண் மாறவில்லையா? மீன்_சேர்() எங்கிருந்தாவது அழைக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

வசனத்தை டைப் அடிப்பதுபோல் காட்ட, எத்தனை எழுத்து தெரிய வேண்டும் என்று சொல்லும் விசிபிள் கேரக்டர்ஸ் அமைப்பு லேபிளில் உண்டு. தமிழில் அது தடுமாறும். "தருமபுரி" நம் கண்ணுக்கு 5 எழுத்து; உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணும் கோடோவின் கணக்கில் 8. முதலில் "ர" வந்து, பிறகுதான் "ரு" ஆகும். வசனத்தை இடைவெளியில் பிரித்து, சொல் சொல்லாகக் காட்டுங்கள்.