அறைக்குள் ஒரு சூரியன்: சோலார் பேனல் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் பெங்களூரு வானத்தை நம்பி சோலார் பேனலைச் சோதிக்க முடியாது. ஓர் அளவீடு முடிவதற்குள் மேகம் மூடிவிடும். அதனால் பீன்யாவில் சிறு பட்டறை நடத்துபவரும் இறுதியாண்டுப் பொறியியல் மாணவரும் எஸ்.பி. ரோட்டில் விளக்கு வாங்கி, அறைக்குள்ளேயே வெயிலை உண்டாக்கப் பார்க்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த ஒளியை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன.

லக்ஸ் மீட்டரை நம்புவதுதான் முதல் தவறு. அது மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொண்ட கருவி; பச்சை ஒளிக்கு அதிக மதிப்புத் தரும், அகச்சிவப்பைக் கணக்கிலேயே எடுக்காது. பேனலிலுள்ள சிலிக்கான் செல்லோ சுமார் 1,100 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பையும் மின்சாரமாக்குகிறது. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் தரும்போது லக்ஸ் மீட்டர் ஒரு லட்சத்தையொட்டிக் காட்டும். அதே ஒரு லட்சத்தை வெள்ளை எல்இடி விளக்கில் வரவழைத்தால் பேனலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 வாட்தான். நல்ல பேனலைப் பழுது என்று ஒதுக்கிவிடுவோம். ஹாலஜனில் இதற்கு நேர்மாறு: அகச்சிவப்பு கொட்டுவதால் மின்னோட்டம் வெயிலில் வருவதைவிட மிக அதிகமாகக் காட்டும்.

தரப்படுத்திய ஒப்பீட்டு செல் ஒன்றை, அதாவது ஒளியை அளக்க உதவும் சான்றளித்த சிறு சோலார் செல்லை, வாங்குங்கள். செலவானாலும் இதில் சிக்கனம் கூடாது. 1,000 வாட்டில் அதன் குறுக்குச்சுற்று மின்னோட்டம் (இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் பாயும் மின்னோட்டம்) எவ்வளவு என்று சான்றிதழில் இருக்கும். அந்த அளவு வரும் வரை விளக்கின் தூரத்தை மாற்றுங்கள். செல், சோதிக்கும் பேனலின் வகையாகவே இருக்க வேண்டும். மெல்லிய படலப் பேனலுக்குப் படிகச் சிலிக்கான் செல்லை வைத்தால் பழைய பிழை வேறு வழியில் திரும்பி வரும்.

அடுத்தது சூடு. அறை, பேனலின் வாட் எண்ணுக்கு அடிப்படையான 25 டிகிரியில் இருப்பதால் பேனலும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவது, இதமான பெங்களூருவில் எளிதில் நேரும் பிழை. கணக்கில் வருவது செல்லின் வெப்பநிலை. ஒரு டிகிரி கூடினால் ஒவ்வொரு சிலிக்கான் செல்லிலும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 36 செல் பேனல் ஹாலஜனின் கீழ் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். பேனலின் பின்புறம் வெப்ப உணரியை ஒட்டுங்கள். விளக்கைப் போட்ட உடனேயே அளந்து, அணைத்துவிடுங்கள்.

நடுவில் ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டால் ஓரச் செல்கள் மங்கும். தொடராக இணைந்த செல்களில் மிக மங்கிய செல்லே முழு வரிசையின் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும். பல சிறு விளக்குகளைப் பரப்பி, ஒப்பீட்டு செல்லைப் பேனல் பரப்பெங்கும் நகர்த்திப் பாருங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புபவர்கள் ‘ஏஏஏ’ முத்திரையைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வகத்தில் செயற்கை வெயில் தரும் கருவியின் நிறமாலை, சீர்மை, நிலைத்தன்மை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே தரும் தரம் அது. ஐஇசி 60904-9 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, ‘ஏ’ தர நிறமாலைகூட ஒவ்வொரு அலைநீளப் பட்டையிலும் 25 சதவீதம் விலகலாம். டாப்கான், ஹெட்டரோஜங்ஷன் போன்ற புதிய வகைச் செல்களுக்கு மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, அதிகம். சில மில்லிசெகண்ட் ஒளிரும் பிளாஷ் கருவியில் அவை நிலைபெற நேரம் போதாது. அதனால் மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் இருமுறை அளந்த மின்னோட்ட-மின்னழுத்த வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் அந்த வாட் எண்ணை ஏற்காதீர்கள்.