கனடாவா, பின்லாந்தா? நியூஸ்பிரிண்ட் ஏற்றுமதியை ஒப்பிட ஒரு செய்முறை

செய்தித்தாள் அச்சாகும் அந்த மெல்லிய, வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும் காகிதம்தான் நியூஸ்பிரிண்ட். அதை ஏற்றுமதி செய்வதில் பல பத்தாண்டுகளாகக் கனடாவுக்குத்தான் முதலிடம். பின்லாந்தும் காட்டு மரத்தை நம்பி வளர்ந்த காகித நாடுதான். இந்த இரண்டையும் ஒரே சார்ட்டில் வைத்துப் பார்க்கப் போகிறோம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் கூட்டல், வகுத்தல் போடத் தெரிந்தால் போதும்.

1. தரவை இறக்குங்கள்

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு நடத்தும் ஃபாவோஸ்டாட் தளத்தில் 1961 முதலான வனப்பொருள் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வனவியல் பிரிவில் இரண்டு நாடுகளையும் நியூஸ்பிரிண்டையும் தேர்ந்தெடுங்கள். ஏற்றுமதி அளவு, ஏற்றுமதி மதிப்பு இரண்டையும் டிக் செய்து, சி.எஸ்.வி. கோப்பாக (எக்செல்லில் நேராகத் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கிக்கொள்ளுங்கள். அளவு டன்னில் இருக்கும். மதிப்பு ஆயிரம் அமெரிக்க டாலர் கணக்கில் இருக்கும். அதாவது 500 என்று இருந்தால் 5 லட்சம் டாலர். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது.

2. அட்டவணையை அடுக்குங்கள்

கீழ்நோக்கி ஆண்டுகள், பக்கவாட்டில் நாடுகள். பிவட் டேபிள் (நீளமான பட்டியலைத் தானே அட்டவணையாக அடுக்கித் தரும் வசதி) போட்டால் ஒரு நிமிட வேலை. காலியாக உள்ள கட்டங்களில் மட்டும் 0 என்று நிரப்பிவிடாதீர்கள். 0 என்றால் ஏற்றுமதியே இல்லை என்று பொருள், காலி என்றால் தகவல் இல்லை. நிரப்பிவிட்டால் கோடு திடீரென்று தரையைத் தொட்டு எழும்பும், பார்ப்பவர்கள் ஆலையே மூடிவிட்டது என்று நினைப்பார்கள்.

3. முதலில் எடை, பிறகுதான் பணம்

என் அனுபவத்தில் டாலர் கோட்டை முதலில் வரைவது தப்பு. காகித விலை ஏறினால், குறைவாக அனுப்பிய ஆண்டிலும் மதிப்பு கூடித் தெரியும். டன் கோடு அப்படி ஏமாற்றாது.

4. குறியீட்டெண்ணாக மாற்றுங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' நாட்டின் ஏற்றுமதி 80 லட்சம் டன்னிலிருந்து 40 லட்சமாகிறது. 'ஆ' நாட்டில் 10 லட்சம் 5 லட்சமாகிறது. டன்னில் வரைந்தால் 'அ' மலையிலிருந்து உருண்டதுபோல இருக்கும், 'ஆ' அசையாததுபோலத் தெரியும். உண்மையில் இரண்டுமே பாதியாகிவிட்டன.

எனவே ஒரு அடிப்படை ஆண்டை எடுத்து, ஒவ்வொரு ஆண்டின் எண்ணையும் அந்த நாட்டின் அடிப்படை ஆண்டு எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். இப்படிக் கிடைப்பதுதான் குறியீட்டெண். இரண்டு கோடும் 100இல் சந்திக்கும். அப்புறம் எது வேகமாக இறங்குகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

எந்த ஆண்டையும் அடிப்படையாக எடுத்துவிடலாமா? கூடாது. 1975இல் கனடாவின் காகித ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டை 100 என்று வைத்தால், அடுத்து வரும் சில ஆண்டுகள் பிரமாதமாக வளர்ந்ததாகத் தோன்றும். சாதாரணமான மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுப்பது பாதுகாப்பு.

5. ஒரு டன் என்ன விலைக்குப் போனது?

மதிப்பை 1000ஆல் பெருக்கி, டன்னால் வகுத்தால் சராசரி விலை வந்துவிடும். ஓர் ஆண்டில் மட்டும் விலை பத்து மடங்கு எகிறினால், அது சந்தை ஏற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூல எண்ணில் தட்டச்சுப் பிழையோ அலகுக் குழப்பமோ இருக்கும். திரும்பிப் போய்ப் பாருங்கள்.

6. கோட்டின் மேல் நிகழ்ச்சிகளைக் குறியுங்கள்

கனடாவின் காகிதம் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. அதனால் 2018இல் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள்: அந்த ஆண்டு அமெரிக்கா கனடாக் காகிதத்தின் மேல் கூடுதல் வரி விதித்து, ஆகஸ்டில் கைவிட்டது. பின்லாந்துக்கு 2020 முடிவில் ஒரு கோடு, கைபோலா காகித ஆலை மூடப்பட்ட நேரம் அது. இரண்டு கோட்டுக்கும் முன்னும் பின்னும் நான்கைந்து ஆண்டுகளைப் பாருங்கள். சரிவு அந்த நிகழ்ச்சியால் வந்ததா, வாசகர்கள் கைபேசிக்கு நகர்ந்ததில் முன்பே தொடங்கிவிட்டதா என்பதை அங்கேதான் படிக்க முடியும்.