புது டாட்டூ உரியும்போது நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் சில நாட்களுக்கு டாட்டூ ஒரு பச்சைப் புண்தான். ஊசி மேல்தோலைத் தாண்டி உள்ளடுக்கில் மையை இறக்குகிறது. மேலே ஆறுவதற்கே பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும்.

முதலில் உங்கள் கையைக் கழுவிக்கொண்டு, வாசனையில்லாத மென்மையான சோப்பால் தினமும் 2, 3 முறை அந்த இடத்தை விரல் நுனியால் மெல்லக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், லேசாக மினுங்கும் அளவுக்குப் போதும். அப்பினால் தோல் ஊறிப்போகும்; பலர் அக்கறையில் செய்கிற தவறு இதுதான்.

முதல் வாரம் முடியும் சமயத்தில் தோல் மெல்லிய செதில்களாக உரியும். அதில் மையின் நிறமும் ஒட்டியிருக்கும். டாட்டூவே போகிறதோ என்று பதறாதீர்கள், உதிர வேண்டிய மேல்தோல்தான் அது. கூடவே அரிப்பு உயிரை வாங்கும். சொறியவே கூடாது. பொருக்கைப் பிய்த்தால் அங்கே மை திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து ஒற்றுங்கள், அடங்கும்.

குளிக்கலாம், ஆனால் புண் ஆறும்வரை நீச்சல்குளமும் கடலும் வேண்டாம். வெயில் படாமல் தளர்வான பருத்தி உடையால் மூடுங்கள், சன்ஸ்கிரீன் ஆறிய பிறகுதான்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.