மெதுவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் வயிறு நிறையவில்லை: எங்கே தப்பு?

மெதுவாகச் சாப்பிட்டால் கொஞ்சத்திலேயே வயிறு நிறைந்துவிடும் என்று கேள்விப்பட்டு, நாலு நாள் முயன்று பார்த்து, "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று பழையபடி அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளத் தொடங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் வேகம் எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பிரேக் போடப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

உடம்புக்குள் நடப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரைப்பை விரியும்போது அதன் சுவரில் உள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. ஆனால் "போதும்" என்ற நிறைவு அதனால் மட்டும் வருவதில்லை. உணவு சிறுகுடலைத் தொட்ட பிறகு சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற, நிறைவைச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் ஏற வேண்டும், அதற்குச் சுமார் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் ஆகும். எட்டு நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்கு அந்தச் சேதி வரும்போது இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டும் முடிந்திருக்கும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஆட்களுக்கு 300 மில்லி ஐஸ்கிரீமை ஒரு நாள் 5 நிமிடத்திலும் இன்னொரு நாள் 30 நிமிடத்திலும் சாப்பிடக் கொடுத்தார்கள். அளவு அதேதான், ஆனால் அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிட்ட நாளில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டுமே கூடுதலாக இருந்தன.

சரி, தவறுகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரியது, சாப்பிட உட்காரும் முன்பே நடந்துவிடுகிறது: கொலைப் பசியோடு உட்காருவது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், அதில் முதலில் பறப்பது நிதானம். முந்தின வேளையைத் தவிர்த்துவிட்டு, கை நடுங்கும் வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் நிதானமாகச் சாப்பிடப் பார்ப்பது உடம்போடு மல்லுக்கட்டுவதுதான். இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நிலைக்காது என்பது என் கருத்து. சாப்பாடு தள்ளிப்போகும் என்று தெரிந்தால் இடையில் ஒரு பழமோ ஒரு கைப்பிடி கொட்டை வகையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது, மெல்லுவதை எண்ணுவது. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சொன்னவர்கள் எண்ணச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹொரேஸ் ஃப்ளெட்சர் (1849–1919) என்பவர் வாயில் உள்ளது கூழாகும் வரை மெல்ல வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார், கொஞ்ச காலம் அது பெரிய மோகமாகவும் இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. 32 வரை எண்ணிக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு ருசி தெரியாது, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சும் கிடையாது, மூன்றாம் நாள் சலித்துவிடும். மென்மையான உணவுக்கு அத்தனை தடவை தேவையும் இல்லை. எண்ணுவதற்குப் பதில் உங்கள் கையைக் கவனியுங்கள். வேகமாகச் சாப்பிடுகிறவரின் வாயில் ஒரு கவளம் மெல்லப்படும்போதே கை அடுத்ததை உருட்டியோ கரண்டியில் அள்ளியோ தயாராக வைத்திருக்கும், பாதித் தூரம் தூக்கியும் இருக்கும், கண் அதன் மேல்தான். காத்திருக்கும் அந்தக் கவளத்துக்கு வழிவிடத்தான் வாயில் இருப்பது அரைகுறையாக விழுங்கப்படுகிறது. அதனால் விதி ஒன்றே ஒன்று: வாய் காலியான பிறகே கை தட்டுக்குப் போக வேண்டும். கரண்டியென்றால் ஒவ்வொரு வாய்க்கும் கீழே வைத்துவிடுங்கள். முதல் சில வாய்களில் இது எரிச்சலாக இருக்கும், பிறகு மெல்லுவது தானாகவே சரியாகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. நடுநடுவே ஒரு மிடறு குடிப்பது நல்லதுதான், அதுவும் ஓர் இடைவெளிதானே. மென்று முடிக்காததைத் தள்ளிவிட மடக் மடக்கென்று குடிப்பதுதான் தப்பு. நிறையத் தண்ணீர் குடித்தால் வயிறு நிறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு சரியில்லை. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரை உணவோடு சேர்த்துச் சூப்பாகக் கொடுத்தபோது அதற்கடுத்த உணவில் குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே தண்ணீரைப் பக்கத்தில் தனியாகக் குடித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது பற்றிச் சொல்லிச் சொல்லிப் புளித்திருக்கும். ஆனால் 2011இல் வந்த, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு கவனிக்க வேண்டியது: கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டே சாப்பிட்டவர்கள், மற்றவர்கள் சாப்பிட்ட அதே உணவைச் சாப்பிட்டும், வயிறு நிறைந்த உணர்வு குறைவு என்றார்கள், அரை மணி கழித்து வைத்த பிஸ்கட்டையும் அதிகம் சாப்பிட்டார்கள், என்ன சாப்பிட்டோம் என்பதும் அவர்களுக்குச் சரியாக நினைவில்லை. ஆக, திரை முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அது இங்கே சொல்கிற மெதுவில் சேராது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, தட்டில் என்ன இருக்கிறது என்பது. வாயில் வைத்ததும் கரைகிற உணவை யாராலும் மெதுவாகச் சாப்பிட முடியாது. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய (ஆலையில் தயாராகும் பாக்கெட் வகை) உணவிலும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவிலும் வைத்துப் பார்த்தது. பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் ஒருவர் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார், வேகமும் கூடியிருந்தது. எனவே குழைய வேகவைத்ததையே எல்லா வேளையும் சாப்பிடாமல், பல்லுக்கு வேலை கொடுக்கிற காய், முழுத்தானியம், பயறு ஏதாவது சேருங்கள். பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள்.

அப்புறம், அளவுக்கு மீறி எதிர்பார்ப்பது. 2008இல் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 30 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வேகமாகச் சாப்பிட்டபோது சராசரி 646 கலோரி, மெதுவாகச் சாப்பிட்டபோது 579. ஒரு வேளைக்கு 67 கலோரிதான் வித்தியாசம். இது மட்டுமே எடையைக் குறைத்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். ஆனால் நெஞ்செரிச்சலும் சாப்பிட்டதும் வரும் வயிற்று உப்புசமும் சிலருக்குக் குறையலாம், அதற்காகவே இதைச் செய்யலாம் என்பேன்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடும் நேரத்தை ரொம்ப நீட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கவே சிரமமாக இருந்து அதனால் மெதுவாகச் சாப்பிட நேர்ந்தால், அல்லது நாலு வாயிலேயே வயிறு முட்டி எடையும் இறங்கிக்கொண்டே போனால், அதைப் பழக்கம் மாறியதன் பலன் என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி அது.